இரண்டு கற்றலினாக்கள்

மலையகத்தில் விமானம் விழுந்த கதையை யாராவது எடுத்தால் பேச்சு நேரே சப்த கன்னியர் மலைக்குப் போய்விடும். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த டச்சு விமானம் அந்த மலையில் மோதி 191 பேர் இறந்தார்கள். மலையில் விழுந்ததால் அது மலைநாட்டுக் கதையாகிவிட்டது. அதற்கு 32 வருடங்களுக்கு முன்னால் இதே தீவிலிருந்து கிளம்பிப் போய்த் திரும்பி வராத இரண்டு போர் விமானங்களைப் பற்றி மாத்தளை மாவட்டத்து எல்கடுவப் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். அவை விழுந்தது கடலில். எல்கடுவத் தேயிலை மேடுகளில் நின்றால் கடல் தெரியாது. கிழக்கை நக்கிள்ஸ் மலைத்தொடர் மறைத்துக்கொள்கிறது.

ஆனாலும் அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க இந்த மாவட்டத்துக்காரருக்குப் பாத்தியதை உண்டு. போர்க்காலத்தில் மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாவிலேயே பிரித்தானிய வான்படைக்கு ஒரு தளம் இருந்தது. லிபரேற்றர் என்ற நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து கடல்மேல் நெடுந்தூரம் போய் வந்தன. கீழே கண்டிப் பக்கம், பேராதனைப் பூந்தோட்டம் 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகமாயிற்று. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற பெருந்தெருவும் மாத்தளை வழியாகத்தான் போகிறது. கடல் கண்ணில் படாவிட்டாலும் கடற்போர் வாசலைக் கடந்துதான் போயிருக்கிறது.

முதலாவது விமானம் 1942 ஏப்ரல் 4 அன்று போனது, இரண்டாவது ஏப்ரல் 9 அன்று. இரண்டும் கற்றலினா வகைப் பறக்கும் படகுகள். இரண்டும் கனேடிய அரச வான்படையின் 413ஆவது அணியைச் சேர்ந்தவை. அந்த அணி காலிக்குத் தென்கிழக்கே கொக்கல வாவியில் தங்கியிருந்தது. இரண்டுக்கும் இட்ட வேலை ஒன்றே: ஜப்பானியக் கப்பற்படை எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்வது. இரண்டும் அந்தப் படையைக் கண்டுபிடித்தன. கண்டதைக் கம்பியில்லாத் தந்தியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டும் சுட்டு வீழ்த்தப்பட்டன. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான சோடியைப் போர் வரலாற்றில் தேடிப் பிடிப்பது கஷ்டம். வித்தியாசம் ஓரிடத்தில்தான். முதலாவதிலிருந்து ஆறு பேர் பிழைத்தார்கள். இரண்டாவதில் ஒருவரும் இல்லை. பின்னால் வந்த பட்டமும் பதக்கமும் மறதியும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளைத்தவை என்பது என் வாதம்.

கற்றலினாவைக் குண்டுவீச்சு விமானம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லலாம். அமெரிக்கக் கடற்படை அதற்கு வைத்த குறியீடே ரோந்துக் குண்டுவீச்சு விமானம் என்பதுதான். இறக்கைக்கடியில் குண்டுகளையும் ஆழ்நீர் வெடிகளையும் தூக்கும். ஆனால் அதன் உண்மையான பலம் பொறுமை. இறக்கையின் அகலம் 104 அடி. தலைக்கு 1,200 குதிரைவலு கொண்ட இரண்டு இயந்திரங்கள். மணிக்கு 200 கிலோமீற்றர் அளவில் நிதானமாக ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் இதே கொக்கல வாவிக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துக்கும் இடையே இடைநில்லாமல் கற்றலினாக்களை ஓட்டியது. ஒரு பயணம் 27 மணித்தியாலத்துக்குக் குறையாது. பயணிகள் நடுவானில் இரண்டு சூரியோதயம் பார்ப்பார்கள். ஜப்பானியர் கண்காணித்த கடலுக்கு மேலே நடந்த அந்தச் சேவையில் ஒரு விமானம்கூடத் தொலையவில்லை. காரணம் எளிது: எதிரி கண்ணில் படாமல் போவதுதான் அவர்கள் வேலை. 413ஆவது அணியின் வேலை நேர்மாறானது. எதிரியைக் கண்டுபிடித்து, அருகே போய் எண்ணி, நின்று செய்தி சொல்ல வேண்டும். ஜப்பானிய ஸீரோ வேட்டை விமானம் மணிக்கு 500 கிலோமீற்றருக்கு மேல் போகும். அப்படிப்பட்ட வேலைக்கு இந்த நிதானக்காரனை அனுப்பினார்கள். வேறு விமானம் அவர்களிடம் இல்லை.

முதலாவதின் கதை விரிவாகத் தெரியும். தலைமை தாங்கியவர் ஸ்குவாட்ரன் லீடர் லியோனர்ட் பர்ச்சல், ஒன்ராறியோ மாகாணத்துக்காரர், வயது 26. ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லன்ட் தீவுகளின் குளிரில் ரோந்து போய்க்கொண்டிருந்த அணியை அவசரமாக இலங்கைக்கு இழுத்தார்கள். பர்ச்சல் வந்து இறங்கியது ஏப்ரல் 2. ஒரு நாள் இடைவெளி விட்டு, 4ஆம் திகதி விடியுமுன் தெற்குக் கடலுக்குக் கிளம்பினார். பகல் முழுக்கத் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. பின்னேரம், திரும்ப வேண்டிய நேரம். வழி கணிப்பவர், நிலவு எழுகிறது, அதை வைத்து நாம் நிற்கும் இடத்தைச் சரிபார்த்துவிடலாம், இன்னும் ஒரு முறை குறுக்கே போய் வருவோம் என்றார். அந்தக் கடைசிக் குறுக்கோட்டத்தில்தான் தெற்கு அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. மணி நாலு இருக்கும்.

கரையிலிருந்து 600 கிலோமீற்றர் அளவில் இருந்தார்கள். மேகம் இல்லை, ஒளிந்துகொள்ள இடம் இல்லை. புள்ளிகள் கப்பல்களாயின, கப்பல்கள் பெருகின. அட்மிரல் நகுமோவின் படை: அகாகி, சொர்யூ, ஹிர்யூ, ஷோகாக்கு, சுய்காக்கு என்ற ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள், நான்கு போர்க்கப்பல்கள், கூடவே துணைக்கப்பல்கள். நாலு மாதம் முந்தி பேர்ள் ஹாபரை எரித்தவர்களில் பெரும்பகுதி. கண்டதைச் செய்தியாக்கி, வழக்கப்படி மூன்று தடவை அனுப்பவேண்டும். மூன்றாவது தடவையின் நடுவில் ஸீரோக்களின் குண்டுகள் தந்திக் கருவியை உடைத்தன. எரிபொருள் தீப்பற்றியது. பர்ச்சல் எரிகிற விமானத்தைக் கடலில் இறக்கினார். ஒன்பது பேரில் ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். மிதப்புச் சட்டையோடு கிடந்த இரண்டு பேர் பலத்த காயம் பட்டிருந்ததால் தண்ணீருக்குள் முங்க முடியவில்லை. மேலிருந்து சுட்ட தோட்டாக்களுக்கு அவர்கள் பலியானார்கள். மிஞ்சிய ஆறு பேரை இசோகாசே என்ற நாசகாரிக் கப்பல் தூக்கியது.

கப்பலில் ஜப்பானியர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: செய்தி அனுப்பினீர்களா? இல்லை என்று சாதித்தார்கள். அதைச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, செய்தியை மறுபடி அனுப்பு என்று கொழும்பு கேட்பதை ஜப்பானியர் ஒட்டுக்கேட்டுவிட்டார்கள். அடிதான். பிறகு ஆறு பேரும் அகாகியில் ஏற்றப்பட்டு ஜப்பானுக்குப் போனார்கள். ஒஃபுனா விசாரணை முகாம், யொகோஹாமாவில் கட்டாய வேலை, 1945 ஓகஸ்ட் வரை சிறை. பர்ச்சலின் பெருமை என் பார்வையில் இந்தக் காலத்தில்தான் கூடுதலாக இருக்கிறது. நோயாளிகளை வேலைக்கு இழுத்த காவலாளியைத் தட்டிக்கேட்டு அடிபட்டார். நோயாளிகளுக்கு ஓய்வு தரும்வரை யாரும் வேலைக்குப் போகக்கூடாது என்று சக கைதிகளை நிறுத்தி வைத்தார். முகாமில் நடந்ததை ஒளித்து ஒளித்து எழுதி மண்ணில் புதைத்து வைத்த நாட்குறிப்புகள் போருக்குப் பிந்திய விசாரணைகளில் சாட்சியமாயின. கனடா அவரைக் கொண்டாடியது. பின்னாளில் அரச இராணுவக் கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். 2004 செப்டெம்பரில், 89ஆவது வயதில் இறந்தார். ‘இலங்கையின் காப்பாளர்’ என்று கனேடியப் பத்திரிகைகள் சூட்டிய பெயர் கடைசிவரை அவரோடு இருந்தது.

இனி இரண்டாவது விமானம். தலைமை, ஃபிளைட் லெப்டினன்ட் ரே தோமஸ். 1942 ஏப்ரல் 9 காலை 7.16 அளவில் திருகோணமலைக்குக் கிழக்கே கடலில் அதே நகுமோ படையைக் கண்டார். செய்தி அனுப்பத் தொடங்கினார். செய்தி பாதியில் நின்றது. விமானமும் அதிலிருந்த அனைவரும் போனார்கள்.

இவ்வளவுதான். பர்ச்சலின் கதையில் நிலவு இருக்கிறது, வழி கணிப்பவரின் வேண்டுகோள் இருக்கிறது, தண்ணீரில் கிடந்தவர்களின் கடைசி நிமிடம் இருக்கிறது. தோமஸின் கதையில் ஒரு நேரமும் ஒரு அறுந்த செய்தியும் மட்டும். அவர் மேகத்தைத் தேடினாரா, தப்பித்துப் போக வழி இருந்தும் எண்ணுவதற்காக நெருங்கினாரா, கடைசியில் கடலில் இறக்கப் பார்த்தாரா? சொல்ல ஆள் இல்லை. ஏப்ரல் 4 பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பிழைத்த ஆறு பேர் வாயால் வந்தது. அந்த ஆறு பேரும் கடலில் போயிருந்தால் பர்ச்சலின் கதையும் இரண்டு வரியில் முடிந்திருக்கும், அந்த இரண்டு வரியும் தோமஸின் வரிகளைப் போலவே இருந்திருக்கும்.

சரி, கதை இல்லாவிட்டால் போகட்டும், விளைவாவது வேறுபட்டதா? பர்ச்சலின் செய்தி எச்சரித்தது, தோமஸின் செய்தி வீணாயிற்று என்று பிரித்துப் பேசுவது வழக்கம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பர்ச்சலின் செய்தி வருமுன்பே ஜப்பானியத் தாக்குதல் ஒன்று வரப்போகிறது என்பது தெரியும். கொழும்பிலிருந்த கடற்படைச் சங்கேத வாசிப்பாளர்கள் ஏப்ரல் 1 அளவில் தாக்குதல் வரலாம் என்று கணித்திருந்தார்கள். பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படையின் அட்மிரல் சொமர்வில் தன் கப்பல்களோடு இலங்கைக்குத் தெற்கே காத்திருந்து, எவரும் வராததால், எண்ணெயும் தண்ணீரும் நிரப்ப மாலைதீவின் அட்டு அட்டோலுக்கு விலகிப் போனார். காத்திருந்து அலுத்த வேளையில்தான் பர்ச்சலின் செய்தி வந்தது. வருகிறார்கள் என்பதை அது உறுதிப்படுத்தியது. எப்போது என்பதையும் ஏறக்குறையச் சொன்னது. ஒரு இரவு கிடைத்தது.

அந்த ஒரு இரவில் கொழும்புத் துறைமுகத்திலிருந்து போகக்கூடிய கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவற்றில் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு குரூசர்களும் உண்டு. சொமர்விலோடு சேர்ந்துகொள்ளத் தெற்கே விரைந்த அந்த இரண்டையும் மறுநாள் பகலில் ஜப்பானியக் குண்டுவீச்சாளர்கள் கண்டுபிடித்துச் சில நிமிடங்களில் மூழ்கடித்தார்கள். 424 பேர் இறந்தார்கள்; 1,122 பேர் கடலில் மிதந்து கிடந்து காப்பாற்றப்பட்டார்கள். துறைமுகத்தில் நின்றிருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டால் யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கை ஒரு கப்பலைக் காப்பாற்றியபோது இன்னொரு கப்பலைத் திறந்த கடலுக்குத் தள்ளியும் விட்டது என்பதை ‘காப்பாளர்’ என்ற பட்டம் சொல்வதில்லை.

இரத்மலானை விமானத்தள விஷயம் இன்னும் கசப்பானது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. பேர்ள் ஹாபருக்குத் தலைமை தாங்கிய அதே மிட்சுவோ புச்சிடா, 120க்கு மேற்பட்ட விமானங்களோடு காலை ஏழரை மணி அளவில் வந்தார். வருவார்கள் என்று முந்திய நாள் பின்னேரமே தெரிந்தும் றேடார் அவர்களைப் பிடிக்கவில்லை. இரத்மலானை வேட்டை விமானங்கள் இன்னும் தரையில் நின்றன. அன்று பிரித்தானியர் இழந்த விமானங்கள் 27, ஜப்பானியர் இழந்தவை 7. துறைமுகத்தில் ஹெக்டர், டெனிடோஸ் என்ற கப்பல்கள் போயின. அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்து நோயாளிகள் இறந்தார்கள். பர்ச்சலும் கூட இருந்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து வாங்கித் தந்த இரவை நிலத்தில் இருந்தவர்கள் பாதிதான் பயன்படுத்தினார்கள்.

தோமஸ் பறந்த நாளில் நிலைமை வேறு. முதல் நாள், ஏப்ரல் 8 பின்னேரமே, இன்னொரு கற்றலினா நகுமோ படையைக் கிழக்கே கண்டு சொல்லியிருந்தது. திருகோணமலைத் துறைமுகம் அன்றிரவே காலியாயிற்று. மறுநாள் காலை 7.06 மணிக்குத் திருகோணமலை றேடார் 90 மைல் அளவுத் தூரத்திலேயே விமானங்களைப் பிடித்துவிட்டது. வேட்டை விமானங்கள் மேலே எழும்பின. ஆக, தோமஸ் செய்தி அனுப்பத் தொடங்கியபோது திருகோணமலை பத்து நிமிடம் முன்பே விழித்துக்கொண்டிருந்தது. எச்சரிக்கை என்ற கணக்கில் பார்த்தால் அவரது செய்திக்குப் பெறுமதி குறைவு என்பது உண்மைதான்.

ஆனால் அந்தச் செய்தியின் வேலை எச்சரிப்பது மட்டும் அல்ல. தாக்க வரும் விமானங்களை றேடார் காட்டும். அவை கிளம்பிய கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்பதைக் காட்டாது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும். அன்று காலை கொழும்பிலிருந்து 11ஆவது அணியின் பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவைத் தேடிக் கிளம்பின. பதினொன்றில் இரண்டு கோளாறாகித் திரும்பின. ஒன்பது போய்ச் சேர்ந்து, 11,000 அடி உயரத்திலிருந்து நகுமோவின் கொடிக்கப்பலான அகாகிமேல் குண்டு போட்டன. குண்டுகள் பக்கத்துத் தண்ணீரில் விழுந்தன, ஒன்றும் படவில்லை. ஆனாலும் பேர்ள் ஹாபர் தொடங்கி அதுவரை யாரும் தலைக்கு மேலே வந்து குண்டு போடாத ஒரு படை அன்றுதான் முதன்முதலாக ஒரு வான்தாக்குதலுக்கு உள்ளானது. ஒன்பதில் நான்கு அங்கேயே வீழ்ந்தன; ஐந்தாவது, திரும்பும் வழியில் எதிரே வந்த ஜப்பானிய விமானங்களிடம் மாட்டியது. நாலு மட்டும் அடிபட்டு வந்து சேர்ந்தன. அன்று இலங்கையின் வானிலிருந்து கடலுக்குப் போன உயிர்களில் தோமஸின் ஆட்கள் ஒரு பங்கு, பிளெனிம்காரர்கள் இன்னொரு பங்கு. இரண்டு பங்குக்கும் பட்டம் கிடையாது.

அதே முற்பகல் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். முந்திய இரவு எச்சரிக்கையின்பேரில் திருகோணமலையை விட்டு வெளியேறியிருந்த கப்பல் அது. டோர்செட்ஷயரின் கதையே திரும்பவும். கூட வந்த வம்பயர் நாசகாரியும் ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும் போயின. வம்பயர், ஹேர்மிஸ் ஆட்களைத் தூக்கிக் கரை சேர்த்தது வீட்டா என்ற மருத்துவக் கப்பல். இரண்டு எச்சரிக்கைகள், இரண்டு துறைமுகங்கள், ஒரே முடிவு: துறைமுகத்தில் கப்பல் இழப்பு குறைந்தது, வெளியே அனுப்பப்பட்ட பெரிய கப்பல்கள் அகப்பட்டன.

இனி ‘காப்பாளர்’ பட்டத்துக்கு வருவோம். இலங்கை எதிலிருந்து காக்கப்பட்டது? படையெடுப்பிலிருந்து என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1942 ஏப்ரலில் நகுமோவிடம் இறக்குவதற்குத் தரைப்படை இல்லை. இலங்கையைப் பிடிக்கும் யோசனைக்கு ஆட்களைத் தர ஜப்பானியத் தரைப்படை மறுத்திருந்தது. பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படையை ஒரே அடியில் முடிப்பதுதான் நோக்கம். அந்தப் படை அட்டு அட்டோலில் இருந்ததால் தப்பியது. இது பர்ச்சல் செய்ததல்ல. கொழும்பு இன்னொரு பேர்ள் ஹாபர் ஆகாமல் போனதில் அவருக்குப் பங்கு உண்டு, பெரிய பங்கே உண்டு. அதற்கு மேல் ஏற்றிச் சொல்வது அன்றைய பத்திரிகைகளின் தேவை. சிங்கப்பூர் போய், ரங்கூன் போய், நாளுக்கு ஒரு தோல்விச் செய்தி வந்துகொண்டிருந்த வாரங்களில் ஒரு வீரன் வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கிற வீரன் என்றால் இன்னும் நல்லது. போரிலேயே தமக்கு மிகுந்த கலக்கம் தந்த கணம் இலங்கைமீது அந்தப் படை வந்த கணம்தான் என்று சர்ச்சில் பின்னாளில் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்தக் கலக்கத்துக்கு ஈடாக ஒரு பெயர் தேவைப்பட்டது.

கலக்கம் இலங்கையோடு நிற்கவில்லை. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. வங்காள விரிகுடாவில் இன்னொரு ஜப்பானியப் படை 23 வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. சென்னை பாதி காலியானது, அரசாங்க அலுவலகங்கள் ஊர் விட்டு ஊர் போயின. கொழும்பிலிருந்தும் சனங்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். கடலில் இரண்டு விமானம் போன சேதி மலைத்தோட்டங்களுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. அரிசி நின்றுபோன சேதி மட்டும் அடுப்பு வரைக்கும் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததோடு பர்மா அரிசிக்கு முடிவு. கூப்பன் அரிசி, கோதுமை மா, இந்தியாவிலிருந்து இறக்கிய கம்பு. சிங்களவர் ‘பஜிரி’ என்று சொல்லி இன்றைக்கும் முகம் சுளிக்கிற அதே கம்புதான்.

அந்தத் தீவு எதற்காகக் காக்கப்பட வேண்டியிருந்தது என்பதில் எல்கடுவ போன்ற ஊருக்கும் இடம் உண்டு. திருகோணமலைத் துறைமுகம், பாரசீக வளைகுடா எண்ணெய்ப் பாதை, பிரித்தானியருக்கு மொத்தமாக விற்கப்பட்ட தேயிலை, மலாயா போனபின் நேசநாடுகள் நம்பியிருந்த இலங்கை இறப்பர். மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று ஒட்ட ஒட்டப் பால் வெட்டச் சொன்ன காலம் அது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களும் இறப்பர்ப் பால் வெட்டியவர்களும் பெரும்பாலும் நம்மவர்கள். காக்கப்பட்ட தீவு ஆறு வருடம் கழித்து, 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களை நாடற்றவர்களாக்கியது. விமானக் கதையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். ‘இலங்கையின் காப்பாளர்’ என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்துவிடுகிறது.

போர்க்கால மரணத்தில் பெயர் நிலைத்த ஒருவர் மலையகத்துக்கும் உண்டு. 1940 ஜனவரி 10 அன்று முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு இறந்த கோவிந்தன். யாரும் பதக்கம் தரவில்லை. தொழிற்சங்க மேடைகளில் வருடா வருடம் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் அது நிலைத்தது. தோமஸுக்கு அப்படிச் சொல்ல இங்கே ஒரு மேடை அமையவில்லை. அவருடைய அணி வெகுதூரத்திலிருந்து வந்து, போர் முடியுமுன்னே வேறிடம் போய்விட்ட அணி.

நினைவுச் சின்னங்களைப் பார்த்தாலும் சமநிலை இல்லை. கடலில் காணாமல்போன வான்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில், கல்லறை தெரியாத 24,000க்கு மேற்பட்டவர்களுக்காக எழுப்பிய நினைவகத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அத்தனை பெயரில் ஒரு பெயர் தனியாகக் கண்ணில் படாது. திருகோணமலைச் சீனன்குடாவிலோ, அதே ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தொட்டியில் போய் மோதிய இடத்தை இன்றைக்கும் காட்டுகிறார்கள். தொட்டி ஏழு நாள் எரிந்தது என்பது ஊர்ப்பேச்சு. வேண்டுமென்றே மோதினார்களா, கட்டுப்பாடு இழந்து விழுந்தார்களா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. உருகிய தகரம் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம், கதை வளர்கிறது. அதே காலைப்பொழுதில் அந்தத் தாக்குதலை அனுப்பிய கப்பல்களைக் கண்டு சொன்ன தோமஸுக்குக் காட்ட ஒரு தகரத்துண்டும் இல்லை. தீவைத் தாக்க வந்தவர்கள் விழுந்த இடம் சுற்றுலாத் தலம். தீவுக்காகப் பறந்தவர் விழுந்த இடம் வெறும் தண்ணீர்.

கொக்கலவிலேயே இன்னொரு இழப்பும் உண்டு; அதையும் யாரும் எண்ணுவதில்லை. விமானத்தளம் போடுவதற்காக அந்த ஊர்ச் சனங்களை எழுப்பினார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீடு மட்டும் இடிபடாமல் தப்பி இன்று அருங்காட்சியக வளவுக்குள் நிற்கிறது. அந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்து வாவியையும் பார்க்கிறார்கள். இரண்டு கற்றலினாவும் கடைசியாகக் கிளம்பிப் போன இடம் அது என்று அங்கே நினைக்கிறவர்கள் எத்தனை பேரோ.

நகுமோவின் படையும் நீண்ட நாள் நிலைக்கவில்லை. பர்ச்சலை ஏற்றிச் சென்ற அகாகி, அவரைச் சுட்ட விமானங்களை ஏவிய ஹிர்யூ, கூட வந்த சொர்யூ, மூன்றும் இரண்டு மாதத்தில், ஜூன் மாதம், மிட்வே தீவருகே மூழ்கின. அங்கேயும் அந்தப் படையை முதலில் கண்டு சொன்னது ஒரு கற்றலினாதான், அமெரிக்கருடையது. அந்த விமானம் மேகத்துக்குள் புகுந்து தப்பித் தளம் திரும்பியது. பர்ச்சலுக்கும் தோமஸுக்கும் கிடைக்காதது அது.

இரண்டையும் எடைபோட்டால் என் தீர்ப்பு இது. துணிவில் இருவரும் சமம். ஒரே வேலையை ஒரே விலைக்குச் செய்தார்கள். பயனில் பர்ச்சலின் செய்தி மேல், ஆனால் பட்டம் சொல்லுமளவுக்கு மேல் அல்ல. அந்தச் செய்தி தந்த இரவை வீணாக்கியவர்கள் கொழும்பில் இருந்தார்கள். பர்ச்சலுக்குத் தனியாகச் சேர வேண்டிய மரியாதை ஒன்று உண்டு. அது ஏப்ரல் 4 மாலைக்காக அல்ல, பின்னால் ஜப்பானிய முகாம்களில் நோயாளிகளுக்காக அடிபட்ட மூன்று வருடத்துக்காக. அதைத் தோமஸோடு ஒப்பிடவே முடியாது, தோமஸுக்கு அந்த வருடங்கள் கொடுக்கப்படவில்லை.

மலையகத்துப் பள்ளிக்கூடங்களில் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பாடம் எடுக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் 1942 ஏப்ரல் 4 என்று எழுதிப் பர்ச்சலின் பெயரைச் சொல்லும்போது, அதன் கீழேயே ஏப்ரல் 9 என்று எழுதித் தோமஸின் பெயரையும் சொல்லுங்கள். அவரோடு போனவர்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் கிராஞ்சி எங்கே இருக்கிறது என்று உலகப்படத்தில் காட்டுங்கள்.